செந்துணிக்குப் பின்னே வாள்

பட்டுத்திரை அச்சில் பதித்த செவ்வட்டம். அதன்மீது கரிய காளையின் நிழலுரு. எதிரே, பொன்னிறத் தாள் ஒட்டிய சட்டையணிந்து இடை வளைத்து நிற்கும் வீரன். ஓரத்தில், பழைய காளைப்போர் விளம்பரத் தாளிலிருந்து கிழித்து ஒட்டிய துண்டு; அதில் பாதி தெரியும் பெயர்கள், பாதி மறைந்த நாள். மூலையில் ஒரு நுழைவுச் சீட்டு. எல்லாவற்றின் மேலும் தூரிகையை உதறித் தெறிக்கவிட்ட சாயத் துளிகள். பல பொருள்களைக் கலந்து செய்யப்படும் அச்சோவியம் இது. 'பாப் ஓவியம்' என்பது இதன் இனப்பெயர். ஸ்பெயின் நாட்டுக் காளைப்போர் இதன் கருப்பொருள். இத்தகைய படங்கள் ஒன்றல்ல, இரண்டல்ல. ஓவியக் கடைகளில், விடுதிச் சுவர்களில், அஞ்சலட்டைகளில், இளைஞர் அணியும் சட்டைகளில்கூட இவ்வினத்தைக் காணலாம். அமைப்பு ஏறத்தாழ ஒன்றே, ஆட்டமும் ஒன்றே.

அழகாக இருக்கிறதா? இருக்கிறது. அதை மறுப்பது என் நோக்கமன்று. அழகாக இருப்பதனால்தான் கேள்வியே பிறக்கிறது. ஓவியன் எதைச் சேர்த்தான் என்று கண்டோம். எதைச் சேர்க்காமல் விட்டான்? துணி இருக்கிறது, துணிக்குள் ஒளிந்த வாள் இல்லை. சீட்டு இருக்கிறது, சீட்டு வாங்கியவன் கண்ட கொலை இல்லை. சிவப்பு இருக்கிறது, குருதி இல்லை. தோழர்களே, விட்டுப்போனது மறதியால் என்றால் மன்னிக்கலாம். ஒரே பொருள் எல்லாப் படங்களிலும் விட்டுப்போகிறது என்றால், அதை மறதி என்று ஒப்புவதெப்படி?

அந்த வளையத்துக்குள் நடப்பதைப் படம் சொல்லாது. ஆகவே நாம் சொல்வோம். ஏறு தழுவுதலை மனத்தில் வைத்துக்கொண்டு எவரும் இதைக் கேட்க வேண்டா. அது வேறு, இது வேறு. இங்கே காளையைக் கொல்வதே ஆட்டத்தின் முடிவு. 'மத்தடோர்' என்று ஏற்றிப் போற்றப்படும் வீரனின் பட்டப்பெயருக்குப் பொருளே 'கொல்பவன்' என்பதுதான்.

ஆட்டம் மூன்று காட்சிகள் கொண்டது. முதற் காட்சியில் குதிரைமேல் வரும் ஈட்டிக்காரன், காளையின் கழுத்துத் திமிலில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். எதற்காக? காளை தலையை நிமிர்த்த முடியாதபடி கழுத்துத் தசை தளர வேண்டும் என்பதற்காக. இரண்டாம் காட்சியில் கூர்முள் பொருத்திய குச்சிகள், இரண்டிரண்டாக மும்முறை, அதே புண்பட்ட தோளில் குத்தி நிறுத்தப்படுகின்றன. அந்தக் குச்சிகளுக்கு ஓர் அலங்காரம் உண்டு: வண்ணக் காகிதம் சுற்றியிருப்பார்கள்! பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காகிதங்கள் காற்றில் படபடக்க, கீழே குருதி வழிந்தோடும். பல பொருள்களைக் கலந்து படம் செய்யும் வித்தையை ஓவியன்தான் கண்டுபிடித்தான் என்று எண்ணாதீர்கள். உயிருள்ள உடலின்மேல் காகிதம் ஒட்டும் கலையை அந்த வளையம் அவனுக்கு முன்பே கற்றிருந்தது.

மூன்றாம் காட்சியில் வருகிறான் மத்தடோர். ஒரு கையில் கோல் கோத்த சிறு செந்துணி; மறு கையில் வாள். தலை தொங்கிய காளையைத் துணியால் சுழற்றிச் சுழற்றி ஓட்டி, இறுதியில் தோள்களுக்கிடையே வாளைச் செலுத்துகிறான். வாள் தவறினால் மீண்டும் வாள். விழுந்தும் உயிர் போகாவிட்டால் குறுங்கத்தி. பிறகு கோவேறு கழுதைகள் வந்து உடலை இழுத்துச் செல்லும். மணலைச் சமன் செய்வார்கள். ஒரு காளைக்கு ஏறத்தாழ இருபது நிமிடம். ஒரு மாலைக்கு வழக்கமாக ஆறு காளைகள். நன்றாகக் கொன்றவனுக்குப் பரிசு என்ன தெரியுமா? இறந்த காளையின் காது. மிக நன்றாகக் கொன்றால் இரு காதுகள். அதனினும் சிறந்தால் வால்!

இப்போது அந்தச் சிவப்புக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்: காளைக்குச் சினமூட்டும் நிறம் எது? வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'சிவப்பு' என்று சொல்லும். உலகம் முழுவதும் நம்பும் பொய்களுள் இது ஒன்று. மாட்டின் கண்ணில் நிறம் பிரித்தறியும் கூம்பணுக்கள் இரண்டு வகையே உள்ளன, மனிதனுக்கு மூன்று. சிவப்பை நாம் காண்பதுபோல் அது காண்பதில்லை. காளை பாய்வது அசைவைக் கண்டு. முதற் காட்சிகளில் விரிக்கும் பெருந்துணி இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகவே இருக்கும். அதன்மீதும் காளை பாயத்தான் செய்கிறது. நீலத் துணியை அசைத்தாலும் பாயும்.

பின் எதற்காக அந்த இறுதித் துணி சிவப்பு? காளைக்காக அன்று, காண்போருக்காக! குருதி துணியில் பட்டால் கறை தெரியக்கூடாது. வாளை மறைக்கும் துணி, வழியும் குருதியையும் மறைக்க வேண்டும். ஐந்நூறு கிலோ எடையுள்ள காளையை ஏமாற்ற அசைவு போதும். ஆயிரக்கணக்கில் அமர்ந்திருக்கும் மனிதரை ஏமாற்றத்தான் நிறம் வேண்டியிருக்கிறது.

தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். அந்தச் செந்துணி செய்யும் வேலையைத்தான் இந்தப் படமும் செய்கிறது. வளையத்துக்குள்ளே துணி கண்ணை இழுக்கிறது. வளையத்துக்கு வெளியே படம் கண்ணை இழுக்கிறது. துணிக்குப் பின்னே வாள் இருக்கிறது. படத்துக்குப் பின்னேயும் அதே வாள்தான். மாட்ரிட் நகரில் சீட்டு வாங்காத மனிதனையும், ஸ்பெயினையே பாராத இளைஞனையும், 'ஆகா, என்ன வீரம்! என்ன வண்ணம்!' என்று தலையசைக்க வைக்கிறதே, அந்தச் சாதனையைத் துணி செய்யவில்லை, படம் செய்கிறது.

'பாப் ஓவியம்' இதற்காகவா பிறந்தது? 1956-இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு ஹாமில்டன், இதழ்களிலிருந்து வெட்டிய விளம்பரப் படங்களை ஒட்டி ஒரு படம் செய்தார். வீடு முழுவதும் கடைச்சரக்கு நிரம்பி, மனிதனும் சரக்காகி நிற்கும் காட்சி அது. 1962-இல் அமெரிக்காவின் ஆண்டி வார்ஹால், சூப் டப்பாக்களின் படங்கள் முப்பத்திரண்டை வரிசையாகக் காட்சிக்கு வைத்தார். 'நீ நாள்தோறும் காண்பது இதுதான். ஆனால் நீ இதைப் பார்த்ததுண்டா?' என்று உலுக்கிய கலை அது. அதே வார்ஹால், 1963 முதல் ஒரு மின் நாற்காலியை மீண்டும் மீண்டும் அச்சிட்டார். அரசு மனிதனைக் கொல்லப் பயன்படுத்தும் நாற்காலி, வெறுமையான அறை, யாரும் இல்லை. வண்ணம் மாறுகிறது, நாற்காலி மாறவில்லை. பார்ப்பவன் தொண்டை வறள்கிறது. பட்டுத்திரை அச்சுக்கு உண்மை சொல்லத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

அந்தக் கருவியைக் கையில் எடுத்த காளைப்போர்ப் படக்காரன் என்ன செய்கிறான்? விளம்பரத்தை வெட்டி ஒட்டி, அதை மீண்டும் விளம்பரமாகவே ஆக்கி விற்கிறான். விளம்பரத்தின் முகமூடியைக் கழற்றப் பிறந்த கலை, விளம்பரத்துக்குப் புது முகமூடி தைத்துக் கொடுக்கிறது!

விளம்பரத்துக்கு எத்தனை வலிமை என்று அறிய ஸ்பெயினின் நெடுஞ்சாலைகளையே பாருங்கள். 1956-இல் மனோலோ பிரியேத்தோ என்னும் ஓவியர், ஆஸ்போர்ன் நிறுவனத்தின் பிராந்திச் சரக்குக்காகக் கரிய காளை உருவம் ஒன்றை வரைந்து கொடுத்தார். குன்றுகள்மேல் பதினான்கு மீட்டர் உயரத் தகட்டுக் காளைகள் எழுந்தன. நெடுஞ்சாலை விளம்பரங்களை அகற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. சரக்கின் பெயரை அழித்தார்கள், காளை நின்றது. 1997-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இது விளம்பரம் என்ற நிலையைக் கடந்துவிட்டது, நிலக்காட்சியோடு கலந்துவிட்டது, இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று விளையாட்டு அரங்குகளில் தேசியக் கொடியின் நடுவிலும் அக்காளையை ஒட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். சாராயப் புட்டியில் தொடங்கிய உருவம் நாட்டின் சின்னமாக நாற்பது ஆண்டுகள் போதுமாயிருந்தன. 'வெறும் படந்தானே' என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

'கலையைக் கலையாகப் பார்க்கத் தெரியாதா? கோயா வரையவில்லையா? பிக்காசோ வரையவில்லையா?' என்று சீறுவார் சிலர். வரைந்தார்கள். வாருங்கள், அந்தப் படங்களையே பார்ப்போம்.

கோயா 1816-இல் முப்பத்து மூன்று செப்புத்தகட்டுப் படங்களை வெளியிட்டார். காளைப்போரை விரும்பிக் கண்டவர்தாம் அவர். ஆயினும் அந்தக் கை பொய் சொல்ல மறுத்தது. ஒரு படத்தில், வளையத்தைத் தாண்டிப் பார்வையாளர் வரிசைக்குள் பாய்ந்த காளை, டொர்ரேகோன் ஊர்த்தலைவரைக் கொம்பில் குத்தித் தூக்கி நிற்கிறது. ஒருபுறம் உயிர் தப்ப ஓடும் கூட்டம். மறுபுறம் வெறிச்சோடிய இருக்கைகள். வேடிக்கை பார்க்க வந்தவனே வேடிக்கையாகிவிட்ட கொடுமை! கடைசிப் படத்தில், புகழ்பெற்ற மத்தடோர் பெப்பே-இல்லோ 1801-இல் மாட்ரிட் வளையத்தில் மடிந்த காட்சி. வேறு படங்களில் குடல் சரிந்த குதிரைகள். வண்ணமே இல்லை, கருப்பும் வெளுப்பும் மட்டும். ஆயினும் அங்கே குருதி தெரிகிறது. வண்ணம் கொட்டிக் கிடக்கும் இன்றைய படத்தில் ஏன் தெரியவில்லை?

பிக்காசோ காளைப்போரின் காதலர், மறைக்கவில்லை. 1957-இல் இருபத்தாறு தகடுகளில் அந்த ஆட்டம் முழுவதையும் வரைந்தார். ஒரு சொட்டு மையில் ஒரு காளை ஓடும், அத்துணை ஆற்றல்! ஆனால் 1937-இல் கெர்னிக்கா ஊரின்மேல் குண்டு விழுந்தபோது, அவலத்தைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட உருவம் எது? உடல் பிளந்து, தலை திருப்பிக் கதறும் குதிரை. வளையத்தில் கண்ட வலி எது என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பெரிய ஓவியன் ஒருவன் ஒன்றை விரும்பினான் என்பது அவன் விருப்பத்தைக் காட்டும். விரும்பப்பட்ட பொருளின் நியாயத்தைக் காட்டாது. கோடு அழகாயிருப்பதால் கொலை அழகாகிவிடாது.

அடுத்து வருகிறது பழைய பல்லவி: 'இது மரபு! முன்னோர் தந்த பண்பாடு!'

எந்த முன்னோர்? தரையில் நின்று துணியும் வாளும் கொண்டு கொல்லும் இன்றைய முறை, பதினெட்டாம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முன் பிரபுக்கள் குதிரைமேலிருந்து ஈட்டியால் குத்தினார்கள். 1567-இல் போப்பாண்டவர் ஐந்தாம் பியஸ், இந்த ஆட்டத்தை நடத்தும் மன்னரைச் சமயத்திலிருந்து விலக்குவேன், வளையத்தில் செத்தவனுக்குச் சமயச் சடங்குடன் புதைகுழி கிடையாது என்று ஆணையிட்டார். ஸ்பெயின் மன்னர் முணுமுணுத்தார். எட்டே ஆண்டுகளில், 1575-இல், அடுத்த போப் ஆணையைத் தளர்த்தினார். இன்று? மாட்ரிட்டில் புனித இசிதோர் திருநாளுக்குக் காளைப்போர். பாம்பிளோனாவில் புனித பெர்மின் திருநாளுக்குக் காளைப்போர். பெரிய வளையங்களுக்குள்ளே சிறு கோயிலும் உண்டு. மத்தடோர் மண்டியிட்டு வேண்டிக்கொண்டு கொல்லப் போகிறான். ஒரு காலத்துப் பாவம் மற்றொரு காலத்துத் திருவிழா! மரபு என்பது மாறாதது என்று சொல்பவர் இந்த வரலாற்றை எங்கே ஒளித்து வைப்பார்?

இன்னுமொன்று. 1928 வரை ஈட்டிக்காரனின் குதிரைக்குக் காப்புறை இல்லை. கூட்டத்தின் கண்முன்னே குதிரைகள் குடல் சரிந்து செத்தன. அந்த ஆண்டில் காப்புறை கட்டாயமாயிற்று. மரபு இடிந்து விழுந்ததா? இல்லையே! குதிரைக்காக வளைந்து கொடுத்த மரபு, காளைக்காக மட்டும் வளைய மறுக்கும் இரும்பாகிவிடுமா?

பண்பாட்டின் பெயரால் யார் யார் அந்த வளையத்தில் குளிர்காய்ந்தார்கள் என்பதையும் இளைஞர் அறிய வேண்டும். 1936 ஆகஸ்டில் படாகோஸ் நகரைப் பிராங்கோவின் படை பிடித்தது. பிடிபட்ட குடியரசுத் தோழர்களைக் கொண்டுபோய் அடைத்த இடம், சுட்டுக் கொன்ற இடங்களுள் ஒன்று, அந்நகரின் காளைப்போர் வளையம்! 1940 அக்டோபரில் இட்லரின் வலக்கை இம்லர் மாட்ரிட் வந்தபோது, அவருக்குக் காட்டிய விருந்து என்ன? காளைப்போர்! அதே ஆட்சி ஒரு குழந்தைக் கதைப் புத்தகத்தைத் தடை செய்தது. 1936-இல் மன்ரோ லீப் எழுதிய 'பெர்டினாண்டு' கதை. அதில் வரும் காளை செய்த குற்றம், சண்டையிட மறுத்து மலர்களை முகர்ந்துகொண்டு உட்கார்ந்ததுதான். சண்டையிடாத காளையைக் காகிதத்தில்கூடப் பொறுக்க முடியாத ஆட்சி! படம் வெறும் படமென்றால், அந்தக் கொடுங்கோலனுக்கு ஏன் நடுங்கிற்று?

'காளைக்கு நேரே நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் வீரன் கோழையா?' என்று கேட்பர். கோழை என்று நான் சொல்லவில்லை. 1947 ஆகஸ்டில் லினாரெஸ் வளையத்தில் மனோலெத்தே என்னும் மாபெரும் மத்தடோர் கொம்பு பாய்ந்து மாண்டார். அவர் துணிவை ஐயுறுவது அறிவீனம். ஆனால் அந்த வளையத்துக்கு இளைஞரை அனுப்பியது எது? 1960-களில் நாடே கொண்டாடிய எல் கொர்தோபேஸ், பசியோடு வளர்ந்த ஏழைப் பிள்ளை. வயலில் கூலியில்லை; வயிற்றில் சோறில்லை; கொம்புக்கு முன் நின்றால் காசு. பசிக்கும் கொம்புக்கும் நடுவே அகப்பட்ட ஏழையின் துணிவைக் கண்டு கண்ணீர் வடிக்கலாம். அதைக் காசாக்கியவரின் வணிகத்துக்குக் கைதட்டலாமா? பொன்னிறத் தாளில் வெட்டி ஒட்டிய வீரனிடம் அந்தப் பசியின் சுவடு ஒன்றாவது உண்டா?

'நீ இறைச்சி தின்னவில்லையா?' என்பது கடைசி அம்பு. தின்பவன் உண்டு, தின்னாதவன் உண்டு. இறைச்சிக் கூடத்தில் கொல்வதை எவரும் இருக்கை போட்டு, இசை முழக்கி, கைக்குட்டை வீசிக் கொண்டாடுவதில்லை. காதை அறுத்துக் கூட்டத்துக்குக் காட்டுவதில்லை. அங்கே நடப்பதையும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேடயமாக்கிக்கொண்டு இந்தக் கேள்வியிலிருந்து ஓடலாகாது.

ஸ்பெயின் மக்களே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நமக்கு ஊக்கம். கனரித் தீவுகள் 1991-இலேயே ஆட்டத்தை விலக்கின. கட்டலோனியச் சட்டமன்றம் 2010 ஜூலையில் 68-க்கு 55 வாக்குகளால் தடை செய்தது. 2011 செப்டம்பரில் பார்சிலோனா தன் கடைசிக் காளைப்போரைக் கண்டது. உடனே எழுந்தது 'பண்பாடு' என்னும் கூச்சல். 2013-இல் காளைப்போரைப் பண்பாட்டுச் செல்வம் என்று அறிவிக்கும் சட்டம் மாட்ரிட்டில் நிறைவேறிற்று. 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கட்டலோனியத் தடையைச் செல்லாதென்றது. 2022-இல், பதினெட்டு வயது நிறைவோர்க்குக் கலை நுகர 400 யூரோ வழங்கிய அரசு, காளைப்போருக்கு அது செல்லாது என்றது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை அடித்தது. 2024-இல் பண்பாட்டு அமைச்சகம் காளைப்போருக்கான தேசியப் பரிசை ஒழித்தது. கடல் கடந்த கொலம்பியா அதே ஆண்டில் தடைச் சட்டம் இயற்றியது. 2027-இல் அது நடைமுறைக்கு வர வேண்டும். போர் நடக்கிறது, தோழர்களே! வளையத்துக்குள் அன்று; சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் வாக்குச் சாவடிகளிலும்.

அந்த 400 யூரோ வழக்கை நன்றாக எண்ணிப் பாருங்கள். வாதம் எதைப் பற்றியது? கொலை சரியா என்பதைப் பற்றி அன்று. கொலைக்குக் 'கலை' என்ற பெயர் உண்டா என்பதைப் பற்றி! கலை என்ற பெயர் கிடைத்தால் அரசின் பணம் கிடைக்கும், சட்டத்தின் காவல் கிடைக்கும், இளைஞனின் கை தட்டும். அந்தப் பெயரை ஈட்டித் தருவது எது? செவியா நகரின் வளையம் ஆண்டுதோறும் பெயர் பெற்ற ஓவியரைத் தேடிப் பிடித்து விளம்பரப் படம் வரையச் சொல்கிறதே, எதற்காக? ஓவியனின் கையெழுத்து விழுந்த இடத்தில் குருதிக் கறை மறையும் என்ற நம்பிக்கையால்தான்!

ஆகவே என்ன செய்வது? படங்களைக் கிழிப்பதா, தடை செய்வதா? அது பெர்டினாண்டைத் தடை செய்தவரின் வேலை, நமக்கு வேண்டா. அதே ஸ்பெயினில், வலென்சியா நகரில், 1964-இல் தோன்றிய 'எக்கிப்போ குரோனிக்கா' என்னும் ஓவியர் குழு வழி காட்டியிருக்கிறது. அதுவும் பாப் ஓவியந்தான். அதே தட்டை வண்ணம், அதே அச்சு. 1969-இல், பிராங்கோ ஆட்சி கெர்னிக்கா ஓவியத்தையே நாட்டுக்குக் கொண்டுவந்து பெருமை தேட முனைந்தபோது, அவர்கள் ஒரு படம் வரைந்தார்கள். பிக்காசோவின் கெர்னிக்கா உருவங்களுக்கு நடுவே, அந்நாட்டுச் சித்திரக் கதை வீரன் ஒருவன் புகுந்து வாள் வீசுகிறான். பிள்ளைகள் கொண்டாடும் வீரன், துடிக்கும் உருவங்களைக் குத்துகிறான்! வீரம் என்று நீங்கள் கற்பித்தது இதுதானே என்று ஆட்சியின் முகத்துக்கு நேரே கேட்ட படம் அது. அங்கே வாள் மறையவில்லை; வாளே படத்தின் நடுவில் நின்றது.

கருவி ஒன்றே, காட்டியது வேறு. குற்றம் பட்டுத்திரையில் இல்லை, ஒட்டிய காகிதத்தில் இல்லை, சிவப்பு மையில் இல்லை. கண்ணை எங்கே திருப்புகிறாய் என்பதில் இருக்கிறது.

படிக்கும் இளைஞனே! நாளை உன் முன்னே ஒரு படம் வரும். காளைப் படமாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. எந்தக் கொடுமைக்கும் வண்ணம் பூச ஆள் உண்டு, எந்த வண்ணத்துக்கும் 'மரபு' என்று பெயர் சூட்ட ஆள் உண்டு. அப்போது மூன்று கேள்விகள் கேள். இதில் வலிப்பது யாருக்கு? சீட்டுப் பணம் போவது யாருக்கு? படத்துக்குள் வராமல் நிறுத்தப்பட்டது எது? விடை கிடைக்கும்வரை கைதட்டாதே.

துணியின் அசைவைக் கண்டு பாய்வது காளையின் இயல்பு. அதற்கு வேறு வழி தெரியாது. துணியை விலக்கிப் பார்க்கும் அறிவு மனிதனுக்கு உண்டு. விலக்கிப் பார்!